தமிழ்நாட்டின் ரசத்தைக் காப்பாற்றியவர்

பங்குனி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்கால் மணிக்கு, தமிழ்நாட்டு மக்கள் அனைவருடைய ரசமும் சாம்பாரும் காரக்குழம்பும் ஒரு பேராபத்திலிருந்து காப்பாற்றப்பட்டன. மக்களுக்கு இது தெரியாது. அன்றும் அவர்கள் ரசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்கள். காப்பாற்றுகிறவர் ஜவ்வாது மலையின் மேலே மைக்கைப் பிடித்துக்கொண்டு தொண்டை வறண்டு நிற்பார். காப்பாற்றப்பட்டவர் கணியம்பாடியில் ஏப்பம் விட்டுக்கொண்டிருப்பார். உலகத்தில் நன்றி என்பது அவ்வளவுதான்.

காப்பாற்றியவர் பெயர் கோபால்சாமி. புதூர்நாட்டிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம் போனால் வருகிற பலாக்கொல்லையின் வார்டு உறுப்பினர். முப்பத்திரண்டு வீடுகள் உள்ள ஊரில் வார்டு உறுப்பினர் என்பது பெரிய பதவிதான் என்றாலும், அவரிடம் அதைவிடப் பெரியவை இரண்டு இருந்தன. ஒன்று, கோயில் மைக் செட் வைத்திருக்கும் பெட்டியின் சாவி. மற்றது, பதினோரு வருடத்துக்கு முன் திருப்பத்தூரில் நடந்த எச்.ஐ.வி. விழிப்புணர்வு ஒருநாள் பயிற்சி முகாமில் கலந்துகொண்டதற்கான சான்றிதழ். அதை லேமினேட் செய்து, குலதெய்வப் படத்துக்கும் தன் கல்யாணப் படத்துக்கும் நடுவில் மாட்டியிருந்தார். முகாமில் காலையில் பொங்கல் வடை, மதியம் பிரியாணி, போகும்போது ஒரு பை, பைக்குள் ஒரு பேனா. நடுவில் ஒரு டாக்டர் இரண்டு மணி நேரம் பேசினார். பிரியாணியைப் பற்றி எப்போது கேட்டாலும் கோபால்சாமி ஒன்று விடாமல் சொல்வார்.

அன்று காலை மைக்கில் அவர் சொன்னது இது:

"பலாக்கொல்லை பொதுமக்களே, தாய்மார்களே! ஒரு முக்கியமான சங்கதி. நம்மூர்ல ஒரு வூட்ல எய்ட்ஸ் கீது. யார் வூடுன்னு நான் பேர் சொல்ல மாட்டேன். அது சட்டப்படி ரகசியம். செத்துப்போன குமரேசன் பொண்டாட்டி வடிவு இனிமேல்பட்டு புளி தட்ட யார் வூட்டுக்கும் வரக் கூடாது. அது வூட்டுப் புளி தட்டவும் யாரும் போவக் கூடாது. நம்ம புளி கண்ணமங்கலம் சந்தைக்குப் போவுது, கணியம்பாடிக்குப் போவுது, வேலூருக்குப் போவுது. அது கை ரத்தம் ஒரு சொட்டு பட்டுதுன்னா அத்தனை சனத்துக்கும் நாமதான் பதில் சொல்லணும். பேர் நான் சொல்லல, அத்த மட்டும் ஞாபகம் வெச்சிக்குங்க."

புளி தட்டுவதைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். மரத்தை உலுக்கிப் பொறுக்கிய பழத்தைப் பாறையில் காயவைத்து, ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கொட்டையை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைத்தால்தான் அது புளி. இந்த வேலை ஒரு வீட்டு ஆட்களால் ஆகாது. அதனால் ஊர்ப் பெண்கள் இருபத்தாறு பேரும் முறை வைத்துக்கொண்டு, இன்று ஒரு வீடு, நாளை ஒரு வீடு என்று போவார்கள். கூலி கிடையாது. நீ என் வீட்டுக்கு வந்தால் நான் உன் வீட்டுக்கு வருவேன். அரிவாளும் ஆளுக்கு ஒன்று இருக்காது. பத்துப் பன்னிரண்டு அரிவாள்கள் கைமாறிக்கொண்டே இருக்கும். கொட்டை வழுக்கினால் விரல் அறுபடும். அறுபட்டவள் விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு, அரிவாளைத் தீட்டியவனை நான்கு வார்த்தை திட்டிவிட்டு, மறுபடி கொட்டையை எடுப்பாள்.

இந்த வட்டத்தில் வடிவு எட்டு வருடமாக அந்த நோயோடு உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் புருஷன் குமரேசன் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியோடு ஆந்திரா, ஒடிசா என்று சுற்றியவன். ஒருமுறை இளைத்துப்போய் வந்தான், இருமிக்கொண்டே கிடந்தான், போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு வடிவுக்குச் சோதித்தார்கள், இருந்தது. மகள் தேவிக்குச் சோதித்தார்கள், இல்லை. அன்றிலிருந்து தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திருப்பத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்கி வருவாள். கேட்டவர்களிடம் தைராய்டு என்று சொல்லியிருந்தாள். தேவி இப்போது திருப்பத்தூரில் நர்சிங் படிக்கிறாள். அவளுடைய ஆஸ்டலும் புத்தகமும் வடிவின் நான்கு புளியமரங்களில்தான் காய்க்கின்றன.

ரகசியம் வெளியே வந்த கதை எளிமையானது. கோபால்சாமிக்குச் சர்க்கரை உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போனால் எந்த வரிசை சின்னதாக இருக்கிறதோ அதில் நிற்பது அவர் வழக்கம். போன மாதம் அப்படி ஒரு சின்ன வரிசையில் நின்றார். முன்னால் மூன்றாவது ஆளாக வடிவு. நர்ஸ் வந்து, "ஐயா, சர்க்கரை மாத்திரை அந்தப் பக்கம்" என்று சொன்ன பிறகுதான் தலைக்கு மேலிருந்த பலகையைப் படித்தார். படித்ததும் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். பின்னால் நின்றவர் மேல் மோதியதும் இரண்டு அடி முன்னால் வந்தார். பிறகு வெளியே ஓடி, குழாயடியில் முழங்கை வரை கழுவினார். தான் அந்த வரிசையில் இருபது நிமிடம் நின்றதை மைக்கில் அவர் குறிப்பிடவில்லை.

அறிவிப்பு வந்த அன்று செல்லியம்மாள் வீட்டு முறை. வடிவு போனாள். போகாமல் இருந்தால் மைக் சொன்னதை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். வேலி ஓரம் அவள் வந்து நின்றதும், வட்டமாக உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அந்த வட்டம் பேச்சை நிறுத்தியதை அந்த மலை அதற்கு முன் பார்த்ததில்லை.

செல்லியம்மாள்தான் எழுந்து வந்தாள். வடிவுக்குப் பத்து வயது மூத்தவள். அந்தக் கூட்டத்துக்குத் தேர்தல் இல்லாமலே தலைவி.

"இன்னா வடிவு, நெசந்தானா?"

"நெசந்தான்க்கா."

"எங்கிட்ட தைராய்டுன்னியேடி?"

"தைராய்டுன்னு சொன்னதால பக்கத்துல குந்த வெச்சிக்கினீங்க. இப்ப சொல்லிட்டாங்க, நிக்க வெச்சிப் பேசறீங்க."

செல்லியம்மாளுக்கு வாய் சும்மா இருந்து பழக்கமில்லை. "இப்போதிக்கி வூட்டுக்குப் போ. நான் மெம்பர்கிட்ட பேசிப் பார்க்கறேன்" என்றாள்.

"அடுத்த வாரம் என் முறைக்கா. நாலு மரத்துப் புளியும் காஞ்சி கெடக்குது."

பாஞ்சாலி என்கிற சின்னப் பெண், வடிவு நேற்று பிடித்திருந்த அரிவாளைத் தேடி எடுத்து, இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டித் தண்ணீரில் போட்டாள். அந்தத் தொட்டியில்தான் செல்லியம்மாளின் மாடுகள் தண்ணீர் குடிக்கும். அதனால் மாடுகளைப் பற்றி ஒரு புதிய விவாதம் தொடங்கியது.

அதற்குப் பிறகு பலாக்கொல்லையில் அறிவு காட்டுத்தீ மாதிரி பரவியது. குடிநீர்க் குழாயைத் துண்டு சுற்றித் திருகினார்கள். வடிவு வீட்டு முருங்கையை மேய்ந்த ஆடு யாருடையது என்று ஆடே இல்லாதவர்கள் விசாரித்தார்கள். நோய் மரத்துக்கு வருமா, வந்தால் வேர் வழியாகப் பக்கத்து மரத்துக்குப் போகுமா என்று டீக்கடையில் இரண்டு நாள் பேசி, வராது, ஆனால் வரலாம் என்று முடிவெடுத்தார்கள். கொசு அவளைக் கடித்துவிட்டுத் தன்னைக் கடித்தால் என்ன ஆகும் என்ற கேள்வி கோபால்சாமிக்கு மட்டும் ஒரு மத்தியானத் தூக்கத்தில் வந்தது. உடனே பஞ்சாயத்து ஆட்களை வரவழைத்து, வடிவு வீட்டைச் சுற்றியிருந்த சாக்கடையை வாரி, பிளீச்சிங் பவுடர் தூவி, புகை அடித்தார். எட்டு வருடமாக மனுக் கொடுத்தும் நடக்காத வேலை. பலாக்கொல்லையில் கொசு இல்லாத ஒரே வீடு வடிவு வீடு என்று ஆனது. மற்ற முப்பத்தொரு வீட்டுக்காரர்களும் கொசுக்கடியில் புரண்டுகொண்டே அவளிடமிருந்து பாதுகாப்பாக இருந்தார்கள்.

ஜீப்பிலும் அவளுக்கு மரியாதை கூடியது. வெற்றிவேல் ஓட்டும் ஜீப்பில் இருபத்திரண்டு பேர் ஏறுவது சாதாரணம். ஒருவர் மடியில் ஒருவர், அவர் மடியில் ஒரு பலாப்பழம். அந்த வியாழக்கிழமை வடிவு திருப்பத்தூர் போக வந்து நின்றதும் முன் சீட்டிலிருந்த நான்கு பேரும் இறங்கிப் பின்னால் போய்த் தொங்கினார்கள்.

"ஏறுக்கா. முன்சீட்டு முழுசும் உனக்குத்தான். எம்.எல்.ஏ.கூட இவ்ளோ காலை நீட்டிக்கினு மலை எறங்கினதில்ல" என்றான் வெற்றிவேல்.

"உனக்குப் பயமில்லியா?"

"எனக்கு பிரேக்கு நெனப்பே போதும்க்கா. அதுக்குமேல பயப்பட நேரமில்ல." கியரைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டான். "ஏன்க்கா, வலிக்குமா?"

எட்டு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. வடிவு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஒண்ணும் வலிக்கல. மாத்திரை முழுங்கறேன், நல்லாத்தான் கீறேன். புளிதான் கெடக்குது."

புளிதான் கிடந்தது. ஒற்றை ஆளாக அவள் இரண்டு நாள் தட்டியதில் குவியலின் ஒரு மூலைகூடக் குறையவில்லை. இந்த வருடம் பங்குனியிலேயே மத்தியானமானால் தெற்கே மேகம் கறுத்தது. ஓட்டோடு கிடக்கும் புளி மேல் ஒரு மழை பெய்தால் போதும், கறுத்துப் புழுத்துவிடும். அப்புறம் தேவி வீட்டுக்கு வந்து அம்மாவோடு உட்கார்ந்து கொட்டை எடுக்க வேண்டியதுதான், நர்சிங் படிப்பை ஓட்டோடு சேர்த்து எறிந்துவிட்டு.

ஆஸ்பத்திரியில் ரேணுகாதேவியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ரேணுகாதேவி அங்கே எச்.ஐ.வி. சோதனை செய்யும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகர். வடிவை முதல் நாளிலிருந்து தெரிந்தவர். கேட்டு முடித்ததும் கையிலிருந்த பேனாவை மேஜையில் தட்டி வைத்தார்.

"உங்க சம்மதம் இல்லாம வெளிய சொன்னது சட்டப்படி குத்தம், வடிவு. ஒதுக்கி வைக்கறதும் குத்தம். எழுதிக் குடுங்க, நான் கூட வர்றேன்."

"கேஸு எவ்ளோ நாளு ஆவும் மேடம்?"

ரேணுகாதேவி உண்மையைச் சொன்னார். "சொல்ல முடியாது."

"புளி மூணு வாரம் தாங்காது மேடம். கேஸை அப்பால பார்க்கலாம். இப்போதிக்கி அந்த ஆளு கையிலேர்ந்து மைக்கைப் புடுங்க முடியுமா, அத்த சொல்லுங்க."

ரேணுகாதேவி மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "உங்க மெம்பரே எங்களுக்கு ஒரு மனு அனுப்பியிருக்காரு. படிக்கறேன் கேளுங்க. 'எங்கள் ஊரில் இருபத்தைந்து பெண்கள் எட்டு வருடமாக ஒரே அரிவாளால் புளி தட்டி அனைவரும் எய்ட்ஸ் நோயால் பாதிக்கப்பட்டுள்ளதால், உடனடியாக ஒரு பரிசோதனை வேனும், இரண்டு ஆம்புலன்ஸும், சுமார் நூறு பேருக்கு மதிய உணவும் அனுப்பி வைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'"

அந்த வாரத்தில் முதல்முறையாக வடிவு சிரித்தாள்.

"வேன் மட்டும் வரும்" என்றார் ரேணுகாதேவி.

திங்கட்கிழமை வேன் வந்தது. ஆம்புலன்ஸ் வராததில் கோபால்சாமிக்கு வருத்தம். சாப்பாடு வராததில் அதைவிட வருத்தம். இருந்தாலும் கோயில் முன்னால் பந்தல் போட்டு, சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து மேஜை மேல் சாய்த்து வைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நோயாளிகளின் பட்டியல் எழுத ஒரு நாற்பது பக்க நோட்டும் வைத்திருந்தார்.

"ஐயா, அந்த நோட்டை உள்ள வெச்சிடுங்க" என்றார் ரேணுகாதேவி. "விருப்பப்பட்டவங்க மட்டும் வரலாம். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாப் பேசுவோம். முடிவு அவங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

"மேடம், நான் பயிற்சி வாங்கினவன்."

"அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே."

செல்லியம்மாள்தான் முதலில் போனாள். பின்னால் மற்றவர்கள். வாரம் இரண்டு முறை அரிவாளில் விரலை அறுத்துக்கொள்கிற பெண்கள், ஒரு குண்டூசி முனை அளவு குத்துக்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டார்கள். ஆளுக்கு ஒரு புது ஊசி. குத்தியதும் அது குப்பைப் பெட்டிக்குள் போனது. பிறகு காத்திருக்க வேண்டும். அந்த அரை மணி நேரம் பந்தலில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எட்டு வருடத்தில் எத்தனை முறை விரல் அறுபட்டது என்று ஒவ்வொருத்தியும் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். வடிவு பலாமரத்தடியில் தனியாக உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அரை மணி நேரத்தைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் மேல் இருந்த கோபம் அப்போது எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

ரகசியம் காப்பதற்காக ஒவ்வொருவரையும் தனியாக வேனுக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, தாழ்ந்த குரலில் முடிவைச் சொன்னார்கள்.

செல்லியம்மாள் வேன் படியிலிருந்தே கத்தினாள். "எனக்கு இல்லடியோவ்!"

"எனக்கும் இல்ல!"

"யக்கா, நான் பாசு!"

பாஞ்சாலி அழுதுகொண்டே வந்ததைப் பார்த்து எல்லோரும் எழுந்தார்கள். "இன்னாடி ஆச்சு?" "இல்லியாம்க்கா" என்று சொல்லிவிட்டு இன்னும் சத்தமாக அழுதாள்.

இருபத்தைந்து பேருக்கும் இல்லை. கோபால்சாமியின் நோட்டு காலியாகவே இருந்தது.

"மெம்பரே, நீங்க வந்து குத்திக்கினு போங்க" என்று செல்லியம்மாள் கூப்பிட்டாள்.

"எனக்கெதுக்கும்மா? நானா புளி தட்டறேன்?"

"அந்த ஆஸ்பத்திரி வரிசையில வடிவுக்குப் பின்னால இருவது நிமிசம் நின்னீங்களாமே. நின்னாலே ஒட்டுமே, நீங்கதான சொன்னீங்க?"

பந்தல் சிரித்தது. கோபால்சாமி சான்றிதழைத் துடைத்தார்.

பிறகு ரேணுகாதேவி பேசினார். மருத்துவ வார்த்தைகள் இல்லாமல், வீட்டுப் பேச்சில் பேசினார். பாதுகாப்பில்லாத உடலுறவால் வரும். ஒருத்தருக்குப் போட்ட ஊசியை இன்னொருத்தருக்குப் போட்டால் வரும். சோதிக்காத ரத்தத்தை ஏற்றினால் வரும். சிகிச்சை எடுக்காத தாயிடமிருந்து குழந்தைக்கு வரலாம். கூட உட்கார்ந்தால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, கொசு கடித்தால் வராது, ஒரே கழிவறைக்குப் போனால் வராது. அரிவாளில் பட்டுக் காய்ந்துபோன ரத்தத்தில் அந்தக் கிருமி பிழைத்திருக்காது. ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவர் உடம்பில் அது சோதனையில்கூடத் தெரியாத அளவுக்கு அடங்கிவிடும், தாம்பத்தியத்தில்கூடப் பரவாது. விரல் அறுபட்டால் கழுவித் துணி கட்டுங்கள். அது வடிவுக்காக இல்லை, எல்லோருக்கும்தான். "எட்டு வருஷம் அவங்ககூட உக்காந்து வேலை செஞ்சிருக்கீங்க. உங்களில் ஒருத்தருக்கும் இல்லை. இதைவிட நான் என்ன சொல்லணும்?"

கைதட்டினார்கள். அத்தோடு கூட்டம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் மைக் பெட்டியின் சாவி கோபால்சாமியிடம் இருந்தது.

தோற்றுப்போன மனிதர் என்று அதுவரை அவரைப் பற்றி எல்லோரும் நினைத்திருந்தார்கள். அரை மணி நேரமாக அவர் யோசித்துக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. எழுந்து, தொண்டையைச் செருமி, மைக்கைத் தட்டினார்.

"பொதுமக்களே! மேடம் சொன்னது எல்லாம் கேட்டீங்க. இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். எட்டு வருசம் ரத்தம் பட்டும் ஏன் ஒருத்தருக்கும் ஒட்டல? ஏன்? வேலூர்ல ஒட்டுது, ஆந்திராவுல ஒட்டுது, பலாக்கொல்லையில மட்டும் ஏன் ஒட்டல? பித்தளைக் குண்டானைப் புளி போட்டுத் தேய்ச்சா இன்னா ஆவுது? பளபளன்னு ஆவுது. பித்தளையே தாங்கல, கிருமி எம்மாத்திரம்? தாய்மார்களே, எய்ட்ஸை அடக்குற சக்தி நம்ம மலைப் புளிக்குக் கீது! இத்த உலகத்துக்கு முதல்முதலா சொல்றவன் நான்தான்!"

இந்தக் கைதட்டல் முன்னதைவிடப் பெரிது. ரேணுகாதேவி ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கினார். "இல்லைங்க! தயவுசெஞ்சு கேளுங்க! புளிக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை! புளி மருந்து இல்லை, புளியால எதுவும் அடங்காது! யாரும் அதை நம்பி மாத்திரையை நிறுத்திடாதீங்க!" அவருக்கும் கைதட்டினார்கள். பலாக்கொல்லையில் மைக்கில் யார் பேசினாலும் கைதட்டுவார்கள், அது மரியாதை. ஆனால் கலைந்து போகும்போது அவர்கள் பேசிக்கொண்டது புளியைப் பற்றித்தான். தான் வளர்த்த மரத்தைப் பற்றி யாராவது பெருமையாகச் சொன்னால், அது பொய்யென்று நம்புவது யாருக்கும் கஷ்டம்.

வேன் கிளம்புவதற்கு முன் ரேணுகாதேவி வடிவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிடுங்க வடிவு. ஒண்ணைத் துடைக்க வந்தேன், இன்னொண்ணை ஒட்டிட்டுப் போறேன். அடுத்த வாரம் மறுபடி வந்து பேசறேன்."

"வாங்க மேடம். நீங்க சொல்றது நெசம், அது ஏற ஒரு வருசம் ஆவும். அந்தாளு சொல்றது பொய், அது ஏற ரெண்டு நிமிசம் ஆச்சு."

சாயங்காலம் செல்லியம்மாள் வடிவின் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, வராமலும் இல்லை. படியில் ஒரு கால், தரையில் ஒரு கால்.

"நாளைக்கி உன் முறை. எல்லாரும் வர்றோம்டி. நம்ம புளிக்கு..."

"யக்கா, நிறுத்து." வடிவு எழுந்து நின்றாள். இதைச் சொன்னால் நாளைக்கு யாரும் வராமல் போகலாம். தேவியின் படிப்பு அந்தக் குவியலில் கிடக்கிறது. சொல்லாமல் இருந்துவிடலாம் என்று அவள் நினைத்ததும் உண்டு. "புளியாலன்னா அந்தப் புளியைத் தட்டித் தின்ன என் புருசன் ஏன் செத்தான்? மாத்திரையாலதான்க்கா. எட்டு வருசம் ராத்திரி ராத்திரி மறக்காம முழுங்கினவ நான். வாந்தி வந்தப்பவும் முழுங்கினேன், காய்ச்சல்லயும் முழுங்கினேன். கஷ்டப்பட்டது நானு, பேரு புளிக்கா?"

செல்லியம்மாள் தலையை ஆட்டினாள்.

"சரிடி. உன் மாத்திரைதான். எனக்குப் புரியுது. ஆனா நாளைக்கி வர்றவளுங்க எதை நம்பி வர்றாளுங்கன்னு நான் கேக்கப்போறதில்ல. நீயும் கேக்காத. தெக்கால பார்த்தியா, எப்படிக் கட்டிக்கினு கீதுன்னு?"

தெற்கே மேகம் கட்டியிருந்தது.

மறுநாள் விடிந்ததும் இருபத்தைந்து பேரும் வந்தார்கள். பழையபடி வட்டம் உட்கார்ந்தது. பழையபடி அரிவாள் கைமாறியது. யார் மருமகள் யாரிடம் என்ன சொன்னாள் என்பதிலிருந்து, வெற்றிவேல் ஜீப்பின் பிரேக் எந்த வளைவில் விட்டுப்போகும் என்பது வரை எல்லாம் பேசித் தீர்த்தார்கள். பத்து மணிக்கு வடிவின் விரல் அறுபட்டது. ஒரு நொடி எல்லாக் கைகளும் நின்றன. செல்லியம்மாள் தன் முந்தானையில் ஒரு பட்டை கிழித்து நீட்டினாள். வடிவு விரலைக் கழுவிக் கட்டிக்கொண்டாள்.

"பயப்படாதீங்கடி, புளியிலதான பட்டுது, ஒண்ணும் ஆவாது" என்றாள் பாஞ்சாலி, தைரியம் சொல்கிற குரலில். வடிவு வாயைத் திறந்தாள். மேகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு நான்கு மரத்துப் புளியும் பானைக்குள் போயிற்று. கடைசிப் பானையின் வாயைக் கட்டும்போது முதல் தூறல் விழுந்தது. தேவியின் படிப்பு நனையவில்லை.

கோபால்சாமி குடையோடு வந்து பார்வையிட்டார். ஊர் எல்லையில் 'எச்.ஐ.வி. அறியாமையை வென்ற முன்மாதிரிக் கிராமம்' என்று பலகை வைக்கப்போவதாகவும், திறந்து வைக்க யாராவது பெரிய ஆளைக் கூப்பிடப்போவதாகவும் அறிவித்தார். இனி பலாக்கொல்லையில் பயம் இல்லை, பாகுபாடு இல்லை, எல்லோரும் ஒரே குடும்பம் என்று சொல்லும்போது அவருக்கே குரல் தழுதழுத்தது. பெண்கள் புளி பிசுபிசுக்கும் கையோடு கைதட்டினார்கள். வடிவும் தட்டினாள்.

அன்றைக்கு யார் வீட்டு முறையோ அவள்தான் வந்தவர்களுக்கெல்லாம் கூழ் ஊற்ற வேண்டும் என்பது வழக்கம். வடிவு விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து, பெரிய அண்டா நிறையச் சாமைக் கூழ் காய்ச்சி, மோர் விட்டு, பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரும் வைத்திருந்தாள். மதியம் செல்லியம்மாள் ஒரு சொம்பு கூழ் மொண்டு குடித்தாள். மற்ற இருபத்து நான்கு பேரும் சோறும் தண்ணீரும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள்.